பைலட் எபிசோட் என்றால் என்ன? ஒரு பழைய உளவுத் தொடரின் வழியாக ஓர் எளிய விளக்கம்

பழைய அமெரிக்கத் தொடர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 'பைலட் எபிசோட்' என்ற சொல் வந்துவிடும். தொடரின் முதல் எபிசோடுக்கு இன்னொரு பெயர் அது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடிடி தளங்களில் பல தொடர்களின் முதல் எபிசோடுக்குத் தலைப்பே 'பைலட்' என்று இருப்பதால் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது.

இதனால் ஒரு சங்கடம் உண்டு. 1964-இல் வந்த 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' என்ற உளவுத் தொடரின் முதல் எபிசோடான 'தி வல்கன் அஃபேர்' பார்ப்பவர்கள் குழம்பிப் போகிறார்கள். அந்தத் தொடரின் புகழுக்குப் பாதிக் காரணமான ரஷ்ய உளவாளி இல்யா குர்யாக்கின் அதில் வந்த வேகத்தில் போய்விடுகிறார். நாயகன் சோலோ தனியாகவே எல்லாவற்றையும் செய்கிறார். இதே கதை வண்ணப் படமாகவும் கிடைக்கிறது. அதில் உளவு நிறுவனத்தின் தலைவராக வேறொரு நடிகர் உட்கார்ந்திருக்கிறார். எதிரி அமைப்புக்கும் வேறு பெயர். தயாரிப்பாளர்களின் அலட்சியம் என்று சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அலட்சியம் எதுவும் இல்லை. பைலட் யாருக்காக எடுக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

மாதிரி வீடு

அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் கம்பெனிகள் முதலில் ஒரு மாதிரி வீட்டைக் கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற வீடுகள் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கும். இந்த ஒரு வீடு மட்டும் டைல்ஸ், திரைச்சீலை, விளக்கு எல்லாம் போட்டுத் தயாராக இருக்கும். குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு அல்ல அது. பார்க்க வருபவர் முன்பணம் கொடுக்க வேண்டும், அதற்காகக் கட்டியது. வந்தவர்கள் சமையலறை சின்னதாக இருக்கிறது என்று சொன்னால் மற்ற வீடுகளின் வரைபடம் மாறும். எல்லா வீடுகளும் விற்ற பிறகு, அந்த மாதிரி வீட்டையும் யாராவது வாங்கிக் குடிவந்துவிடுவார்கள். அப்போது அந்த வீட்டில் மட்டும் சமையலறை பழைய அளவிலேயே இருக்கும்.

பைலட் எபிசோடும் இப்படித்தான். தொடர் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நிறுவனத்துக்குக் காட்டுவதற்காக எடுக்கப்படும் மாதிரிப் படம்தான் பைலட். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகர் அதன் முதல் பார்வையாளர் அல்ல. பணம் போடுகிறவரும் ஒளிபரப்புகிறவரும்தான் முதல் பார்வையாளர்கள். அவர்களுக்குப் பிடித்துத் தொடர் தொடங்கினால், பெரும்பாலும் அந்த மாதிரிப் படமே ஓர் எபிசோடாக நம் வீட்டுக்கும் வந்து சேரும். முதலாவதாக வரலாம், நடுவில் வரலாம், வராமலே போகலாம்.

விற்பவர் யார், வாங்குபவர் யார்

1960-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மூன்று பெரிய நெட்வொர்க்குகள் இருந்தன: என்பிசி, சிபிஎஸ், ஏபிசி. நெட்வொர்க் என்பது நாடு முழுக்க உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு ஒரே நேரத்தில் நிகழ்ச்சிகளை வழங்கும் நிறுவனம். மாலை நேரத் தொடர்களில் பெரும்பாலானவற்றை நெட்வொர்க்குகள் தாங்களே எடுப்பதில்லை. எம்ஜிஎம், டெசிலு போன்ற ஸ்டூடியோக்கள் எடுத்துக் கொடுக்கும். அதை ஒளிபரப்பும் உரிமைக்காக நெட்வொர்க் ஸ்டூடியோவுக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று ஒளிபரப்புக் கட்டணம் தரும். விளம்பரத்தில் வரும் பணம் நெட்வொர்க்குக்கு.

ஒளிபரப்புக் கட்டணம் தயாரிப்புச் செலவு முழுவதையும் பெரும்பாலும் ஈடுகட்டாது. துண்டு விழும் பணத்தை மறுஒளிபரப்பிலும் வெளிநாட்டு விற்பனையிலும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோ கணக்குப் போடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய எபிசோட் வண்ணத்தில் எடுக்கப்பட்டதற்கும், அது திரைப்படமாக மாறியதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம், காலக்கணக்கு. அமெரிக்காவில் புதிய தொடர்கள் வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும். எந்தத் தொடருக்கு இடம், எதற்கு இல்லை என்று நெட்வொர்க்குகள் அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே முடிவு செய்துவிடும். ஆகவே பைலட்டைக் குளிர்காலத்துக்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். பைலட் எடுப்பதற்கும் இரண்டாவது எபிசோட் எடுப்பதற்கும் நடுவே பல மாத இடைவெளி வருவது இதனால்தான். அந்த இடைவெளியில் நடிகர் மாறலாம், பெயர் மாறலாம், தொடரின் குணமே மாறலாம். முதல் எபிசோட் மட்டும் தனித்துத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த இடைவெளிதான்.

'சோலோ' என்று தொடங்கிய கதை

நார்மன் ஃபெல்ட்டன் என்ற தயாரிப்பாளர் எம்ஜிஎம் ஸ்டூடியோவோடு சேர்ந்து தொடர்கள் எடுத்துக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயன் ஃபிளெமிங்கை 1962-இல் நியூயார்க்கில் சந்தித்து, தொலைக்காட்சிக்கான உளவாளி ஒருவரைப் பற்றிப் பேசினார். நெப்போலியன் சோலோ என்ற பெயர் ஃபிளெமிங்கிடமிருந்து வந்தது. பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்கள் இதை விரும்பவில்லை. அவர்களின் நெருக்கடியால் ஃபிளெமிங் விலகிக்கொண்டு, தன் பங்கு உரிமையை வெறும் ஒரு பவுண்டுக்கு ஃபெல்ட்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மிச்ச உலகம் முழுவதையும் கட்டியெழுப்பியவர் சாம் ரோல்ஃப். அங்கிள் என்ற பன்னாட்டு உளவு நிறுவனம், நியூயார்க்கில் ஒரு சாதாரண தையல் கடைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அதன் தலைமையகம், அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே அமைப்பில் சேர்ந்து வேலை செய்வது, இவையெல்லாம் ரோல்ஃப் எழுதியவை. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தபோது ஒரு ரஷ்யரை நல்லவர் பக்கத்தில் நிறுத்தியது சாதாரண விஷயமில்லை. ஃபிளெமிங்கின் பெயர்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ரோல்ஃபுக்கு உரிய இடத்தை இன்னும் நாம் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

பைலட்டை ரோல்ஃப் எழுத, டான் மெட்ஃபோர்ட் இயக்கினார். 1963-இன் கடைசி மாதங்களில் படப்பிடிப்பு நடந்தது. வில்லனின் தொழிற்சாலைக் காட்சிகளை கலிஃபோர்னியாவில் லீவர் பிரதர்ஸ் சோப்புத் தொழிற்சாலையில் எடுத்தார்கள். சோலோவாக ராபர்ட் வான். அப்போது அவர் ஃபெல்ட்டனின் இன்னொரு தொடரான 'தி லெஃப்டினன்ட்'டில் நடித்துக்கொண்டிருந்தார். இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். பைலட்டின் பெயர் 'சோலோ'. ஒற்றை நாயகனின் கதை என்பதைத் தலைப்பே சொல்கிறது. இல்யா ஏன் அதில் ஓரமாக நிற்கிறார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

கதைக்குள் இருக்கும் வாக்குறுதி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல கதையைச் சொன்னால் மட்டும் பைலட் வேலை செய்துவிடாது. "இதே மாதிரி வாரா வாரம் உங்களால் தர முடியுமா?" என்பதுதான் நெட்வொர்க்கின் கேள்வி. அதற்குப் பதில் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

'தி வல்கன் அஃபேர்' அந்தப் பதிலை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். (கதை முழுவதையும் சொல்லப் போகிறேன். பார்த்துவிட்டுப் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.)

தையல் கடை வழியாக ஆயுதங்களோடு ஆட்கள் அங்கிள் தலைமையகத்துக்குள் நுழைகிறார்கள். தலைவரைக் கொல்வது அவர்கள் நோக்கம். இருட்டில் ஓர் உருவம் நிற்கிறது. சுடுகிறார்கள். குண்டு கண்ணாடியில் பட்டுச் சிலந்தி வலை போல விரிசல் விழுகிறது. குண்டு துளைக்காத அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கியோடு சோலோ. வசனமே இல்லாமல் மூன்று விஷயங்கள் நமக்குத் தெரிந்துவிட்டன: ரகசிய இடம் எது, எதிரி எவ்வளவு துணிந்தவர், நாயகன் எவ்வளவு நிதானமானவர். அந்தக் கண்ணாடிக் காட்சியையே பின்னர் தொடரின் தொடக்கத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எதிரி அமைப்பின் பெயர் த்ரஷ். ஆண்ட்ரூ வல்கன் என்ற தொழிலதிபர் அதன் ஆள். புதிதாக விடுதலை பெற்ற மேற்கு நாட்டும்பா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் தலைவர் அஷுமன் வல்கனின் தொழிற்சாலைக்கு வரப்போகிறார், அங்கே அவரைக் கொல்லப்போகிறார்கள் என்று அங்கிளுக்குத் தகவல். வல்கனை நெருங்க ஒரு வழி வேண்டும். கல்லூரிக் காலத்தில் அவரை விரும்பிய பெண் ஒருவர் இருக்கிறார். பெயர் எலெய்ன். இப்போது கணவர், பிள்ளைகள் என்று புறநகரில் வாழும் குடும்பத் தலைவி. அவரிடம் போய் உதவி கேட்கிறார் சோலோ. அவரைப் பணக்கார விதவையாக வேடம் போட வைத்து வல்கனின் வட்டத்துக்குள் அனுப்புகிறார்கள்.

நடுவில்தான் திருப்பம். அஷுமனே வல்கனின் கூட்டாளி. சாக வேண்டியவர்கள் அவரோடு வந்த இரண்டு அமைச்சர்கள். அவர்கள் போய்விட்டால் நாடு த்ரஷின் கைக்கு வந்துவிடும். காப்பாற்ற வந்த சோலோ, தவறான ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சோலோவும் எலெய்னும் பிடிபட்டு, வெடிக்கப்போகும் தொழிற்சாலைக்குள் அடைக்கப்பட்டு, கடைசி நேரத்தில் தப்பிக்கிறார்கள். வெடிப்பில் வல்கனும் அஷுமனும் சாகிறார்கள்.

இதில் நெட்வொர்க் என்ன பார்க்கும்? தலைமையகம் ஒருமுறை கட்டிவிட்டால் வாரா வாரம் பயன்படும் செட். எஃகுக் கதவுகளும் முக்கோண பேட்ஜும் ஒவ்வொரு எபிசோடிலும் வரலாம். த்ரஷ் உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு என்பதால் வில்லன்களுக்குப் பஞ்சமே வராது. எல்லாவற்றையும் விட முக்கியம் எலெய்ன். உளவு உலகம் பற்றி எதுவும் தெரியாத ஒரு சாதாரண மனிதர் கதைக்குள் இழுக்கப்படுகிறார். அவர் கண் வழியாக நாமும் உள்ளே போகிறோம். இந்த வார்ப்பைத் தொடர் கடைசி வரை கைவிடவில்லை. ஒருநாள் விமானப் பணிப்பெண், இன்னொரு நாள் ஆசிரியை என்று ஆளை மாற்றிக்கொண்டே போகலாம்.

எலெய்னாக நடித்த பேட் குரோலி இந்த எபிசோடின் உயிர். பயமும் ஆர்வமும் ஒரே முகத்தில் மாறி மாறி வருவதை அவர் அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார். சோலோவின் சாமர்த்தியத்தை நான் மறந்தாலும் அவர் முகம் மறக்காது.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். பைலட் என்பது ஸ்டூடியோ நெட்வொர்க்குக்குக் காட்டும் மாதிரி. அதில் கதையோடு சேர்த்து, இந்தக் கதை வாரா வாரம் எப்படி நடக்கும் என்ற திட்டமும் இருக்கும். 'சோலோ'வில் அந்தத் திட்டம் தெளிவாக இருந்தது. என்பிசி வாங்கிவிட்டது. ஆனால் அப்படியே வாங்கவில்லை.

வாங்கியவர் சொன்ன திருத்தங்கள்

முதலில் மாறியது தலைப்பு. இதற்கு நெட்வொர்க் காரணமில்லை. பாண்ட் வரிசையில் அப்போது தயாராகிக்கொண்டிருந்த 'கோல்ட்ஃபிங்கர்' கதையிலும் சோலோ என்ற பெயரில் ஒரு தாதா உண்டு. அந்தப் படத்தின் தயாரிப்பாளர்கள் 1964 தொடக்கத்தில் சட்டப் பிரச்சினை கிளப்பினார்கள். பாத்திரத்தின் பெயர் இருக்கட்டும், தொடரின் தலைப்பு மாற வேண்டும் என்று முடிவானது. 'சோலோ' போய் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' வந்தது. தலைப்பில் தனி ஆளின் இடத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டதால் இல்யாவுக்கும் பின்னால் இடம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்தது தலைவர். பைலட்டில் அங்கிள் தலைவரின் பெயர் அலிசன். நடித்தவர் வில் குலூவா. ஒளிபரப்பான எபிசோடில் அவர் இல்லை. அந்தக் காட்சிகளை லியோ ஜி. கேரலை வைத்து மறுபடி எடுத்தார்கள். பாத்திரத்தின் பெயர் அலெக்சாண்டர் வேவர்லி என்று மாறியது. கேரல் கொஞ்சம் மறதிக்காரத் தாத்தா போலப் பேசிக்கொண்டே கொடிய உத்தரவுகளைப் போடுவார். தொடரின் நகைச்சுவைக்குப் பாதி அடித்தளம் அதுதான். குலூவாவின் அலிசன் இறுக்கமான அதிகாரி. அவரும் மோசமில்லை. ஆனால் அவரோடு தொடர் வேறு திசையில் போயிருக்கும்.

இந்த மாற்றத்தைப் பற்றித் தயாரிப்பு வட்டாரத்தில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. நெட்வொர்க் அதிகாரி ஒருவர் பைலட்டைப் பார்த்துவிட்டு, ஆங்கில 'கே' எழுத்தில் தொடங்கும் பெயருள்ளவர் வேண்டாம் என்றாராம். தயாரிப்பாளர்கள் குலூவாவை எடுத்துவிட்டார்கள். அந்த அதிகாரி மனதில் வைத்திருந்தது குர்யாக்கினையாம். இப்படியே நடந்ததோ இல்லையோ, பைலட்டைப் பார்த்த யாருக்கும் இல்யா முக்கியமாகத் தெரிந்திருக்க மாட்டார் என்பது உண்மை. இல்யாவாக நடித்த டேவிட் மெக்கல்லமுக்கு அதில் சில வரிகள்தான். தொடர் ஓட ஓட ரசிகர்களின் கடிதங்கள் அவருக்கு வந்து குவிய, அவர் சோலோவுக்குச் சமமான நாயகனாகிவிட்டார். எந்தப் பைலட்டாலும் முன்கூட்டிக் காட்ட முடியாத ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். மக்களுக்கு யாரைப் பிடிக்கும் என்பது மக்கள் பார்த்த பிறகே தெரியும்.

மூன்றாவது மாற்றம் வண்ணம். பைலட்டை வண்ணத்தில் எடுத்திருந்தார்கள். ஆனால் முதல் பருவத்தின் 29 எபிசோடுகளும் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் எடுப்பது செலவு. 1964-இல் மாலைத் தொடர்கள் பலவும் கறுப்பு வெள்ளையில்தான் வந்துகொண்டிருந்தன. எனவே வண்ணத்தில் இருந்த பைலட்டை, தேவைப்பட்ட இடங்களில் வெட்டி, ஒரு மணி நேர இடத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, கறுப்பு வெள்ளையாக ஒளிபரப்பினார்கள். 1964 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு, 'தி வல்கன் அஃபேர்' என்ற பெயரில் அது மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் தந்த ஃபிளெமிங் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் 12 அன்று, இறந்துவிட்டிருந்தார்.

ஒரே படச்சுருள், பல பிழைப்பு

தொடருக்கு வண்ணம் தேவையில்லை என்றால் பைலட்டுக்கு மட்டும் ஏன் வண்ணம்? ஸ்டூடியோவின் கணக்கு இங்கே திரும்ப வருகிறது. பைலட்டுக்கு நிறையச் செலவாகும். நெட்வொர்க் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போட்ட பணம் முடங்கிவிடும். அதையே திரைப்படமாகவும் விற்க முடிந்தால் ஆபத்து குறைவு. திரையரங்குக்கு வண்ணம் வேண்டும்.

எம்ஜிஎம் அதைத்தான் செய்தது. பைலட்டோடு சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து, 'டு ட்ராப் எ ஸ்பை' என்ற முழுநீளப் படமாக வெளியிட்டது. சேர்த்த காட்சிகளில் நடிகை லூசியானா பலூசி வருகிறார். தொலைக்காட்சிக்குக் கொஞ்சம் தூக்கலான கவர்ச்சியும் வன்முறையும் அவற்றில் உண்டு. படத்தில் தலைவராக வருபவர் பழைய அலிசன்தான், அதாவது வில் குலூவா. எதிரி அமைப்பின் பெயர் த்ரஷ் என்பதற்குப் பதில் வாஸ்ப். முதலில் கேட்ட குழப்பத்துக்கு விடை இது: எபிசோடும் படமும் ஒரே பைலட்டிலிருந்து இரண்டு திசையில் பிரிந்தவை. ஒன்றைத் திருத்தியபோது மற்றதை அதே போலத் திருத்தவில்லை.

அதோடும் நிற்கவில்லை. படத்துக்காக எடுத்த பலூசி காட்சிகளைத் திரும்ப எடுத்து, புதுக் காட்சிகளோடு இணைத்து, முதல் பருவத்திலேயே 'தி ஃபோர் ஸ்டெப்ஸ் அஃபேர்' என்ற எபிசோடுக்குள் பயன்படுத்திவிட்டார்கள். ஒரு முறை எடுத்த படச்சுருளை இப்படி எல்லாப் பக்கமும் பிழிந்தெடுத்ததைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. இந்த வழி லாபமாக இருந்ததால், தொடரின் எபிசோடுகளிலிருந்து மொத்தம் எட்டு திரைப்படங்கள் உருவாயின.

பைலட்தான் முதலில் வருமா?

வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நெட்வொர்க் தனக்கு வலுவாகத் தோன்றும் எபிசோடை முதலில் போடும்.

1965-இல் தொடங்கிய 'ஐ ஸ்பை' தொடரில் முதலில் ஒளிபரப்பானது 'சோ லாங், பேட்ரிக் ஹென்றி'. அதன் பைலட்டான 'அஃபேர் இன் ட்சியென் சா' அந்த டிசம்பர் கடைசியில்தான் வந்தது. உளவுத் தொடர் அல்லாத 'ஸ்டார் ட்ரெக்' இன்னும் விசித்திரம். முதல் பைலட்டை என்பிசி நிராகரித்துவிட்டு, இன்னொன்று எடுத்துக் காட்டச் சொன்னது. அந்த இரண்டாவது பைலட் 1966 செப்டம்பரில் மூன்றாவது எபிசோடாக வந்தது. நிராகரித்த முதல் பைலட்டின் காட்சிகளை அதே ஆண்டு ஒரு இரண்டு பாகக் கதைக்குள் பொருத்திக்கொண்டார்கள்.

'கெட் ஸ்மார்ட்' நம் எபிசோடுக்கு நேர் எதிர். உளவுக் கதைகளைக் கிண்டல் செய்த அந்தத் தொடரின் பைலட் கறுப்பு வெள்ளை. அதற்குப் பிறகு வந்த எபிசோடுகள் எல்லாம் வண்ணம். 1964-க்கும் 1965-க்கும் நடுவே காற்று எந்தப் பக்கம் வீசத் தொடங்கியது என்பதற்கு இந்த இரண்டு பைலட்டுகளே சாட்சி. 1966-இல் மூன்று நெட்வொர்க்குகளின் மாலை நேரமும் முழுக்க வண்ணத்துக்கு மாறிவிட்டது.

'மிஷன்: இம்பாசிபிள்' பைலட்டிலும் இல்யா கதை போலவே ஒன்று நடந்தது. மார்ட்டின் லாண்டாவ் அதில் வேடம் மாறும் கலைஞர் ரோலின் ஹேண்டாகவும், அவர் வேடம் போட வேண்டிய சர்வாதிகாரியாகவும் இரட்டை வேடத்தில் வருகிறார். நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவர் விரும்பவில்லை. முதல் பருவம் முழுக்க 'சிறப்புத் தோற்றம்' என்றுதான் அவர் பெயர் வரும். இருந்தும் தொடரின் தூண்களில் ஒருவராகிவிட்டார். பைலட்டில் குழுவின் தலைவராக இருந்த ஸ்டீவன் ஹில் முதல் பருவத்தோடு போய்விட்டார். இரண்டாவது பருவத்திலிருந்து வந்த பீட்டர் கிரேவ்ஸைத்தான் இன்று பலரும் தலைவராக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சரி, பைலட் இல்லாமல் தொடரே எடுக்க முடியாதா? முடியும். பிரிட்டனில் ஐடிசி நிறுவனத்தின் லூ கிரேட், நடிகர் பேட்ரிக் மெகூகன் கொண்டுவந்த திட்டத்தைக் கேட்டுவிட்டு, மாதிரி எதுவும் கேட்காமல் 'தி பிரிசனர்' தொடருக்குச் சம்மதம் சொன்னார். மெகூகன் ஏற்கெனவே 'டேஞ்சர் மேன்' என்ற உளவுத் தொடரால் புகழ் பெற்றிருந்ததால் அந்த நம்பிக்கை. 1967-இல் தொடங்கிய 'தி பிரிசனர்' 17 எபிசோடுகள் வந்தது. அதன் முதல் எபிசோடைப் பைலட் என்று சொன்னால் அது பிழை. யாருக்கும் விற்பதற்காக அதை எடுக்கவில்லை.

பின்வாசல் பைலட்

இன்னும் ஒரே ஒரு சொல் பாக்கி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் ஓர் எபிசோடுக்குள், புதிய தொடர் ஒன்றின் மாதிரியை ஒளித்து வைப்பார்கள். இதைப் பின்வாசல் பைலட் என்று சொல்லலாம். தனியாகப் பைலட் எடுக்கும் செலவு மிச்சம். வாங்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. அந்த வார எபிசோடாகவே அது போய்விடும்.

எடுத்துக்காட்டுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1966 பிப்ரவரியில் வந்த 'தி மூன்க்ளோ அஃபேர்' என்ற அங்கிள் எபிசோடில் சோலோவும் இல்யாவும் தொடக்கத்திலேயே செயலிழந்து விடுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாக ஏப்ரல் டான்சர் என்ற இளம் பெண் உளவாளியும், மார்க் ஸ்லேட் என்ற நடுவயது உளவாளியும் களத்தில் இறங்குகிறார்கள். பழக்கமில்லாமல் பார்ப்பவர்களுக்கு, நாயகர்கள் எங்கே போனார்கள் என்று எரிச்சல் வரும். கதையின் குறை அல்ல அது. விற்கப்படும் பொருள் அந்தப் புதிய ஜோடிதான். பழைய நாயகர்கள் வழிவிட்டு நிற்கிறார்கள்.

விற்பனை நடந்தது. அந்த செப்டம்பரிலேயே 'தி கேர்ள் ஃப்ரம் அங்கிள்' தொடங்கியது. பாத்திரங்களின் பெயர் அதேதான், நடிகர்கள் மட்டும் இருவருமே வேறு. மேரி ஆன் மாப்லியின் இடத்தில் ஸ்டெஃபனி பவர்ஸ் வந்தார். நடுவயது நார்மன் ஃபெல்லின் இடத்தில் இளைஞரான நோயல் ஹாரிசன் வந்தார். தொடர் 29 எபிசோடுகளோடு ஒரே பருவத்தில் முடிந்துபோனது. அனுபவசாலியும் புதியவரும் என்ற அந்தப் பழைய ஜோடியை வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

'தி வல்கன் அஃபேர்' எப்படிப் பார்ப்பது

வண்ணத்தில் இருந்த மூலப் பைலட் 'சோலோ' பின்னாளில் தொடரின் டிவிடி தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அதனால் இன்று நம்மால் மூன்று வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். முதலில் கறுப்பு வெள்ளை எபிசோடைப் பாருங்கள். மக்கள் முதன்முதலில் பார்த்தது அதைத்தான். அடுத்து 'சோலோ'. படம் கடைசியில்.

மூன்றையும் முழுதாகப் பார்க்க நேரமில்லாதவர்கள், தலைவர் சோலோவுக்கு வேலையைக் கொடுக்கும் காட்சியை மட்டும் எபிசோடிலும் பைலட்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். செய்தி ஒன்றுதான், எதிரில் உட்கார்ந்திருக்கும் ராபர்ட் வானும் ஒருவர்தான். குலூவா பேசும்போது அது ராணுவ அலுவலகம் மாதிரி இருக்கும். கேரல் பேசும்போது, அடுத்த மூன்றரை ஆண்டுகளில் 105 எபிசோடுகளாக வளரப்போகும் தொடரின் குரல் கேட்கத் தொடங்கியிருக்கும்.